சுணை படாத ஒரு நாள்

மாயவன் ஆறடி ஆள். கரும்புத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போது பாம்பு குறுக்கே போனால்கூட, "போ சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த தூரில் கத்தியைப் போடுவான். அப்பேர்ப்பட்டவன் சாயங்காலமானால், தவழ்ந்து வரும் ஒரு பொடிசைக் கண்டு பின்னால் பின்னால் நடந்து தெருவுக்கே போய்விடுவான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பெற்ற மகளைப் பார்த்துப் பயந்து ஓடியவன் இவன் ஒருத்தன்தான் என்று தெரு சிரித்தது.

சிரிப்பதற்கென்ன, காசா பணமா? அவன் மனசு பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

கரும்புச் சோகையில், அதாவது காய்ந்த தோகையில், சுணை இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாத பொடி முள். வெட்டி, சோகை கழித்து, கட்டுக் கட்டி, டிராக்டரில் ஏற்றி முடிப்பதற்குள் அது சட்டை, தலைமுடி, கழுத்து மடிப்பு, விரல் இடுக்கு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். வெட்டுகிறவர்கள் சொறிந்துகொண்டே பேசுவார்கள், சொறிந்துகொண்டே சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது பழக்கம். பச்சைப் பிள்ளையின் தோல் அதைத் தாங்குமா?

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. இனி எங்கே என்று ஊரே கைகழுவிவிட்ட பிறகு, போன தை மாதம் ஆற்றுத் திருவிழா முடிந்த வாரத்தில் பிறந்தாள் மகள். செத்துப்போன மாயவனின் அம்மா பேரையே வைத்தார்கள்: குஞ்சம்மாள். மாமியார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று அவன் பெண்டாட்டி கண்ணகி 'பாப்பா' என்று கூப்பிட்டாள். அம்மா பேரைச் சொல்லி எப்படி அதட்டுவது என்று மாயவன் 'யம்மா' என்றான். ஆக, வைத்த பேர் வைத்த இடத்திலேயே இருந்தது.

கண்ணகி தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு சித்திரையில் வந்தாள். அப்போது ஆலையில் அரவை முடிந்திருந்தது. வேலை இல்லாத மாதங்கள். வயிறு காய்ந்த மாதங்கள்தான். ஆனால் மாயவனுக்கு அந்த மாதங்கள் போல் வாய்த்ததில்லை. பிள்ளை அவன் மார்மேலேயே வளர்ந்தது. முதல்முதலாகக் குப்புற விழுந்ததும் அவன் மார்மேல்தான். விழுந்துவிட்டு, தானே ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. முதல் பல் முளைத்ததை அவன் சுண்டுவிரல்தான் கண்டுபிடித்தது. பசித்தால் கண்ணகியைத் தேடும். மற்ற எதற்கும் அப்பன்தான்.

"பெத்தது நானு, ஒட்டிக்கினு கெடக்கறது அங்க" என்று கண்ணகி பொய்க்கோபம் காட்டுவாள். மாயவனுக்குத் தலைகால் புரியாது.

கார்த்திகையில் அரவை தொடங்கியது. முதல் நாள் வெட்டிவிட்டு வந்தவன், வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பழக்க தோஷத்தில் வாரி எடுத்துக் கழுத்தோடு சேர்த்துக் கொஞ்சிவிட்டான். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீல் என்று கத்தியது. கன்னம், கழுத்து, வயிறு என்று தடித்துத் தடித்துச் சிவந்துபோயிற்று. கண்ணகி தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி ஊதினாள்.

"யோவ், புத்தி இருக்குதா உனக்கு? ஒடம்பு பூரா சொணைய வச்சிக்கினு புள்ளயத் தூக்கற?"

மாயவன் போய் மூலையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் யாரோ அயலான் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து வாசல் முருங்கை மரம்தான் அவனுக்கு எல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வருவான். அவனைக் கண்டதும் பிள்ளை கிடுகிடுவென்று தவழ்ந்து வரும். மாயவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "சொண யம்மா, சொண. கிட்ட வராத" என்று ஓரடி பின்னால் வைப்பான். பிள்ளை உடனே குந்தி உட்கார்ந்து தன் குட்டிக் கைகளையும் அதேபோல் விரித்துக் காட்டும். அப்புறம் மறுபடி தவழும். அவன் மறுபடி பின்வாங்குவான். பிள்ளைக்கு இதைவிட வேடிக்கை உண்டா? கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு துரத்தும். கடைசியில் கண்ணகி வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். ஆட்டம் முடிந்தது.

குளித்துவிட்டுத் தூக்கக் கூடாதா என்று கேட்கலாம். அடிபம்பில் வெட்டு ஆட்கள் அத்தனை பேரும் குடத்தோடு நிற்பார்கள். முறை வந்து, தேய்த்துக் குளித்து அவன் வருவதற்குள் பிள்ளை தாய்ப்பாலில் வாய் வைத்தபடியே தூங்கியிருக்கும். விடியுமுன் அவன் கிளம்பிவிட வேண்டும். தூங்குகிறவளைத் தொடலாமென்றால், வெடித்துப்போன உள்ளங்கையின் கோடுகளில் எவ்வளவு தேய்த்தாலும் நாலு முள் மிச்சமிருக்கும். ஒருநாள் யோசனை செய்து, மாற்று வேட்டியைப் பையில் கொண்டுபோய், தோட்டத்து மோட்டார் கொட்டாயிலேயே குளித்துக் கட்டிக்கொண்டு வந்தான். பகலெல்லாம் அந்தப் பை கிடந்த இடம் சோகைக் குவியல். அன்றைக்கு அவனுக்கே இடுப்பைச் சுற்றி அரித்தது.

ஆகவே மகள் வளர்ந்ததெல்லாம் மாயவனுக்குக் காதுவழிச் செய்திதான். சோறு போடும்போது கண்ணகி சொல்வாள். கோழிக்குப் போட்ட தவிட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாளாம். அளக்கிற படியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெளிச்சத்தைக் காணோம் என்று அழுதாளாம். கோயில் ரேடியோவில் பாட்டு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே குலுங்குகிறாளாம். காக்காயைப் பார்த்து 'த்தா, த்தா' என்று கை நீட்டுகிறாளாம்.

"எப்பிடிக் குலுங்கறா? செஞ்சி காட்டு."

"துன்னுய்யா மொதல்ல. நான் இன்னா கூத்தாடியா?" என்பாள். ஆனாலும் உட்கார்ந்தபடியே செய்து காட்டுவாள். அவன் சோற்றை மறந்துவிட்டுப் பார்ப்பான். பெண்டாட்டி தோளில் மகளைத் தேடுவான்.

மறுநாள் தோட்டத்தில், தானே கூட இருந்து பார்த்ததுபோல் அதையெல்லாம் அவிழ்த்துவிடுவான். ராஜாங்கம்தான் அந்தக் கோஷ்டிக்கு மேஸ்திரி. பக்கத்து ஊர்; கண்ணகிக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"யோவ் மாப்ள, இருட்டுல போயி இருட்டுல வர்றவன் நீ. படியக் கவுத்தத எந்தக் கண்ணால பாத்த?"

"எம்பொண்ணு செய்யறது எனுக்குத் தெரியாதா மச்சான்?" என்று மாயவன் வேகமாக நாலு கரும்பு கூட வெட்டுவான். 

மார்கழியில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து மாயவனுக்கு ஒரே நினைப்பு. அவள் நடந்துவிடுவாள், அதுவும் காதுவழிதான் வந்து சேரும். பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாமென்று பார்த்தால், வெட்டிய கரும்பு காயக் கூடாதென்று பொங்கலன்றும் லோடு ஏற்ற வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தது ஆற்றுத் திருவிழா. தை ஐந்தாம் நாள், சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தென்பெண்ணைக்குக் குளிக்க வரும். அன்றைக்கு மட்டும் எவன் வந்து கேட்டாலும் கத்தி எடுப்பதில்லை என்பது ராஜாங்கத்தின் கோஷ்டியில் கட்டுப்பாடு.

"அன்னிக்கு யம்மாவத் தோள்ல ஒக்கார வச்சி ஆத்துக்குத் தூக்கிக்கினு போவேன்" என்று மாயவன் கண்ணகியிடம் சொன்னான். மறுநாளும் சொன்னான். அவள் கேலி செய்யவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானமே ராஜாங்கத்திடம் கெஞ்சிக் கூத்தாடிக் கத்தியை வைத்துவிட்டு வந்தான். ஆற்றுக்குப் போய் உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்தான். நகத்தை ஒட்ட வெட்டினான். வெதுவெதுப்பான எண்ணெயில் உள்ளங்கைகளை ஊறவைத்து, துணியால் துடைத்து, மறுபடி ஊறவைத்தான். காலையில் சீயக்காய் போட்டு இன்னொரு குளியல். பெட்டியிலிருந்து, அரவை தொடங்கின பிறகு தொடவே தொடாத வேட்டி சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். எதிர்வீட்டு சாலம்மாள் வாயில் கைவைத்தாள்.

"இன்னாப்பா மாயவா, பொண்ணு பாக்கப் போறியா?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு, வாசலில் சுவரைப் பிடித்து நின்றிருந்த மகளிடம் போனான். குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

பிள்ளை அவனைப் பார்த்தது. சட்டென்று குந்தி உட்கார்ந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியது. பிறகு, அவன் தினமும் செய்வதுபோலவே, உட்கார்ந்தபடி பின்னால் நகர்ந்தது.

"இல்ல யம்மா, இன்னிக்கு சொண இல்ல. வா." அவன் இன்னும் கிட்டே போனான். ஆட்டத்தில் அப்பன் முன்னால் வரக் கூடாதே! பிள்ளையின் உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதுகொண்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

சாலம்மாள் சிரித்தாள். கண்ணகி சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரம் போவட்டும், வருவா" என்றாள்.

வரவில்லை. ஆற்றுக்குப் போகிற வழியில் ராஜாங்கம் எதிர்ப்பட்டு "வாடி மருமவளே" என்றதும் தாவிக்கொண்டு போனாள். இத்தனைக்கும் அவனும் கரும்பு வெட்டுகிறவன்தான். ஆனால் அவன் அவளிடம் ஒருநாளும் கை விரித்துக் காட்டி விலகிப் போனவனில்லை. ஆற்று மணலில் வளையல்காரக் கிழவி கூப்பிட்டாள், போனாள். முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார், அவரிடமும் போனாள். மாயவன் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு எல்லாருக்கும் பின்னால் நடந்தான். சீயக்காய் வாசனை அவனுக்கே குமட்டியது. தன் மகளை ஊரில் எல்லாரும் தூக்கினார்கள், அவனைத் தவிர. சாமிகள் மேளதாளத்தோடு ஆற்றில் இறங்கின. அவன் கும்பிடவில்லை. சாமிமேல் அவனுக்குக் கோபம்.

வெயில் தாழ்ந்து, மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்த நேரத்தில், கூட்டம் கலையத் தொடங்கியது. கண்ணகியும் ராஜாங்கமும் மணலில் உட்கார்ந்து அவித்த சுருளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கண்ணகியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாயவன் பத்தடி தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்கு விடியுமுன் கத்தி. ஒரு நாள் கிடைத்தது, அதுவும் போயிற்று.

நிமிர்ந்தபோது பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்தபடி, இன்னொரு கையை விரித்துக் காட்டியது.

வெளிச்சம் மங்குகிற நேரம். வீட்டில் என்றால் இது முருங்கை மரத்தடி நேரம்.

மாயவன் யோசிக்கவில்லை. கை தானாக எழுந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். "சொண யம்மா, சொண. கிட்ட வராத" என்றான்.  உட்கார்ந்தபடியே மணலில் பின்னால் நகர்ந்தான்.

பிள்ளையின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் காணாமல் போயிருந்த அப்பன் வந்துவிட்டான். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு இரண்டாவது கையையும் தோளிலிருந்து எடுத்து விரித்துக் காட்டியது. பிடிமானம் போனது அதற்குத் தெரியவில்லை. ஒரு கால் முன்னால் வந்தது. ஆடியது. இன்னொரு கால் வந்தது.

"ஐயோ, பாப்பா நடக்கறாய்யா!" என்று கண்ணகி கத்தப்போனாள். ராஜாங்கம் அவள் வாயைப் பொத்தினான்.

மாயவன் பின்னால் நகர்ந்தான். அவள் வந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். கைகளை விரித்தபடி, தள்ளாடித் தள்ளாடி, ஆட்டத்தை விடாமல் வந்தாள். எங்கே நின்றுவிடுவாளோ என்ற பயத்தில் அவன் நகர்ந்துகொண்டே இருந்தான். ஆற்றுத் தண்ணீர் முதுகுப்பக்கம் வேட்டியை நனைத்தது.

"மாப்ள, நில்லுய்யா! போதும், நில்லு!" ராஜாங்கம்தான் கத்தினான்.

மாயவன் நின்றான். அவளும் ஒரு கை எட்டுகிற தூரத்தில் நின்று, அவன் பின்வாங்குவதற்காகக் காத்திருந்தாள். அவன் பின்வாங்கவில்லை. அவளுக்கு ஆச்சரியம். மெல்ல ஒரு விரலை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். தொட்ட விரலைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். பிறகு, கண்ணகி அன்றைக்கு எண்ணெய் தடவி ஊதினாளே, அதேபோல் ஊதச் சொல்லி அந்த விரலை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

மாயவன் ஊதினான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவதைத் துடைக்கக்கூடக் கையை அசைக்கவில்லை. அவள் அடுத்த விரலை நீட்டினாள். ஊதினான். எல்லா விரலும் ஆனதும், நின்று நின்று அலுத்தவள், தொப்பென்று அவன்மேல் விழுந்தாள்.

திரும்பி வரும்போது ராஜாங்கம் கேட்டும் மாயவன் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவள் அவன் தோளில் எச்சில் ஒழுக விட்டுத் தூங்கிப்போனாள். வீடு வந்து, கண்ணகி பாயை விரித்துத் தலைக்குத் துணி மடித்து வைத்த பிறகும், அவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கீழ போடுய்யா. கை நோவாது?"

"நோவட்டும்" என்றான் மாயவன். "நாளைக்கு வெட்டு இருக்குது."