புரோட்டா மாஸ்டர் கேட்ட ருசி

எண்பதுகளில் செல்லூரில் நான் சாப்பிடும் கடையின் புரோட்டா மாஸ்டர் எலும்பும் தோலுமாக இருப்பார். முதல் புரோட்டாவை என் இலையில் போட்டதும், "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்காமல் நகரமாட்டார்.

ஒருநாள், "நீங்களே தின்னு பாக்கலாமே?" என்றேன்.

"வருசக்கணக்கா வயித்தால போச்சுண்ணே. ஆஸ்பத்திரில குடல்ல துணுக்கு எடுத்துப் பாத்துட்டு, கோதுமை, மைதா ஆயுசுக்கும் ஆகாதுன்னுட்டாங்க. மூணு வேளையும் சோறுதான்."

"ஆசையா இருக்குமே?"

"அம்புட்டு ஆசை. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாம, விவரமாச் சொல்லுங்கண்ணே."

மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, சால்னாவில் ஊறியதும் நாக்கிலேயே கரைகிறது என்றேன். அவர் கண்ணை மூடி எச்சில் விழுங்கினார். பிறகு புரோட்டாக் கல்லுக்குத் திரும்பினார்.

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் புரோட்டாவைப் பிய்த்து வாயில் வைத்தால், யாருக்கோ சொல்வதற்காக மெதுவாக மெல்லுகிறேன்.