ஸ்மரந்தா பிடுங்கிய பொத்தான்

பொத்தொஷானி ஊரில் ஸ்மரந்தாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. பேருந்து டிக்கெட் இயந்திரம், ஆஸ்பத்திரி டோக்கன் இயந்திரம் என்று எதன் திரையில் எந்தப் பொத்தான் இருக்கவேண்டும் எனத் தீர்மானிப்பதே அவள் பிழைப்பு. பொத்தான் குறையக் குறைய அவளுக்குத் தலைக்கனம் ஏறும். யாராவது தடுமாறினால், "மெஷின் நல்லாத்தான் இருக்கு. விரலுக்குத்தான் புத்தி இல்ல" என்பாள்.

மெழுகுவர்த்திப் புகையில் கோயில் சுவரில் வரைந்திருந்த புனிதர்களின் முகமெல்லாம் கரியாகிவிட்டதென்று பாதிரியார் அவளிடம் வந்தார். மெழுகுவர்த்திக்குப் பதில் மின்விளக்கு வேண்டும்; ஆனால் வழக்கப்படி உயிரோடிருப்பவர்களுக்காக ஏற்ற ஒரு தட்டு, இறந்தவர்களுக்கு இன்னொன்று; அது மட்டும் மாறவே கூடாது என்றார். அவள் செய்த இயந்திரத்தில் பெயரை அடித்து அழுத்தினால் தட்டில் விளக்கு எரியும், அடியில் பெயர் ஒளிரும். திரையில் தட்டை மாற்றிக்கொள்ளாவிட்டால் தானாகவே இறந்தோர் தட்டில்தான் எரியும்.

"முக்கால்வாசிப் பேர் செத்தவங்களுக்குத்தானே ஏத்துறாங்க, சாமி? ஒரு அழுத்து மிச்சம்."

"தப்பா ஏத்திட்டா?"

"விடியிற வரைக்கும் எரியட்டும். அப்பத்தான் அடுத்த தடவை யோசிப்பாங்க."

ரத்துப் பொத்தானை அவளே எடுத்துவிட்டாள்.

இயந்திரம் வைத்த வாரமே கோயிலிலிருந்து ஆள் வந்தது. ஸ்மரந்தா போனபோது, உள்ளே பால்காரி ப்ரொஃபிரா தலைமுக்காடு நழுவ அழுதபடி நின்றிருந்தாள்.

"என் மகன் ஆபரேஷன் மேஜையில கெடக்கான். அவன் பேரு செத்தவங்களோட எரியுது. அணைடி!"

"அணைக்க வழியில்ல. பார்த்து அழுத்தியிருக்கணும்."

"கரண்ட்டப் பிடுங்கு!"

"ஐயோ, உயிரோட இருக்கிறவங்க வெளக்கெல்லாம் சேர்ந்து அணைஞ்சிடுமே" என்று பாதிரியார் குறுக்கே வந்து நின்றார்.

ஸ்மரந்தாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கும்மா இந்தக் கூப்பாடு? வெறும் பல்பு. பல்பு எரிஞ்சா மனுஷன் சாவானா?"

ப்ரொஃபிரா அழுகையை நிறுத்தினாள்.

"உன் பேரென்ன?"

"ஸ்மரந்தா. யார்கிட்ட வேணாலும் போய்ச் சொல்லு."

ப்ரொஃபிரா யாரிடமும் போகவில்லை. திரைப்பக்கம் திரும்பி, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தாள். தட்டை மாற்றவில்லை. அழுத்தினாள். மகனின் விளக்குக்கு அருகே இன்னொன்று பளிச்சென்று எரிந்தது; அடியில் ஸ்மரந்தாவின் பெயர்.

"வெறும் பல்புதானே" என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஸ்மரந்தா சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு வரவில்லை. பாதிரியார் பார்க்கிறார் என்பதையும் மறந்து, திரையில் ரத்துப் பொத்தான் இருந்த வெற்று மூலையை அவள் விரல் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது.