துரைசாணியின் ஆணி பூட்ஸ்

எனக்குக் கால் சின்னது. ஓர் ஆம்பளைக்கு இருக்க வேண்டிய காலில் முக்கால்வாசியைத்தான் ஆண்டவன் எனக்குக் கொடுத்தான். ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் என்னைப் 'பூனைக்காலன்' என்று கூப்பிடுவார்கள். ஈர மண்ணில் என் காலடியைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டுப் பிள்ளை விடியற்காலையில் மரக்காட்டுக்குள் ஓடியிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பால் வெட்டுகிறவனுக்கு வெறுங்கால் போதும். அது பெரிசானால் என்ன, சிறிசானால் என்ன? ஈப்போ ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கால் என்னைப் பிடித்து ஆட்டியது.

மலாயாவில் கித்தா, அதுதான் ரப்பர், விலை விழுந்த காலம் அது. செமோர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதி மரங்களை வெட்டாமல் போட்டுவிட்டார்கள். மிச்சமான ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிக் கங்காணி ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், பெயர்களை வாசித்தார். எங்கள் பெயரும் இருந்தது. என் மனைவிக்கு அப்போது மூன்று மாதம். ஊரிலிருந்து வந்தபோது கூடவே வந்த அவளுடைய அக்காள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து கப்பலிலேயே செத்துப்போனாள். அவளைக் கடலில் இறக்கியதை இவள் கண்ணால் பார்த்தவள்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அந்தக் கப்பல்ல நான் கால் வைக்க மாட்டேங்க. பிச்சை எடுத்தாலும் இங்கயே எடுப்போம்" என்றாள்.

சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், நடந்தே ஈப்போவுக்கு வந்துவிட்டோம். ஐஸ் கம்பெனிக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எங்கள் ஜில்லாக்காரர். அவர் சொல்லித்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அந்த வேலை போனால் மறுபடி கப்பல்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஐஸ் அறை என்பது ஜன்னலே இல்லாத பெரிய கூடம். இரட்டைப் பலகைச் சுவர். பலகைகளுக்கு நடுவே உமி அடைத்திருப்பார்கள். உள்ளே ஐஸ் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாளமும் இரண்டு ஆள் கனம். ஒருவன் உச்சி வரைக்கும் ஏறி, கொக்கியால் பாளத்தை இழுத்துச் சறுக்குப் பலகையில் தள்ளிவிட வேண்டும். கீழே நிற்பவன் அதைப் பிடித்து வண்டிக்கு அனுப்புவான். அந்த ஏறுகிற வேலைதான் எனக்கு.

எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவன் ஒருநாள் வழுக்கி விழுந்திருக்கிறான். அவன் பின்னாலேயே ஒரு பாளமும் வந்து முழங்காலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். காலுக்குத்தான் கேடு, பூட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த பூட்ஸைத்தான் முதல் நாள் என் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். அடியில் நாலைந்து ஆணிகள் அடித்த, ஒரு பஞ்சாபிக்கு ஏற்ற பூட்ஸ். இன்னொருவன் செருப்பைப் போட்டால் அவன் பீடை நம்மைப் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். காலை இழந்தவன் பூட்ஸைப் போட்டால் என்ன பிடிக்கும் என்று யாரைக் கேட்பது?

என் கால் அதற்குள் பெரிய பானையில் கிடக்கிற அகப்பை மாதிரி உருண்டது. சாக்குத்துணியைக் கிழித்து அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் சாக்கு நனையும், அப்புறம் விறைத்துக் கட்டையாகிவிடும். கால் மரத்துப்போன பின் அது எங்கே நிற்கிறது என்பது எனக்கே தெரியாது. நான் ஒரு படியில் வைத்ததாக நினைப்பேன். அது அதன் விளிம்பில் நிற்கும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்காவது நாலு கால் இருக்கிறது.

ஒருநாள் இரண்டு காலும் ஒன்றாக வழுக்கின. கொக்கி ஒரு பாளத்தில் குத்தி நின்றதால் அதில் தொங்கினேன். வலது கால் பூட்ஸ் கழன்று கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது. நான் வாய்விட்டு அலறினேன். மேலே ஏறி வந்து என்னைப் பிடிக்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. எப்படியோ முட்டியாலும் வயிற்றாலும் ஊர்ந்து இறங்கினேன். இறங்கியபோது என் வேட்டி நனைந்திருந்தது. அது ஐஸ் தண்ணீர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, மண்டோர், ஒரு சீனர், கெட்ட மனிதர் இல்லை. என்னை 'காக்கி கெச்சில்' என்பார். மலாயில் சின்னக் கால். சீனப் பெருநாளுக்கு ஐஸ் கேட்டு ஊரே வந்து நிற்கும், அதற்குள் உன் காலுக்கேற்ற பூட்ஸ் தேடிக்கொள், இல்லாவிட்டால் நான் பெரிய காலுள்ள ஆளைத் தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வெள்ளைக்காரர் கடையில் வாசல்காரனே என்னைத் திருப்பிவிட்டான். சீனச் சப்பாத்துக் கடைக்காரர் நூலால் என் காலை அளந்தார். அளந்து முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். உள்ளே போய், சின்ன வயதிலேயே பாதத்தைக் கட்டிக் குறுக்கிய சீனக் கிழவிகள் போடுகிற பூவேலைச் சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அது எனக்குச் சிறிசாக இருந்தது. அந்த மட்டுக்கும் ஓர் ஆறுதல். அளவெடுத்துத் தைக்க அவர் கேட்ட கூலியை என்னால் இந்த ஜென்மத்தில் கொடுக்க முடியாது. கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் துணிச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி, வண்டிக்கார அண்ணன் மாட்டுக்கு லாடம் கட்டுகிற ஆளிடம் கொடுத்து ஆணி அடித்து வாங்கினேன். மெல்லிய அடி. இரண்டு படி ஏறுவதற்குள் ஆணியின் தலை உள்ளங்காலைக் குத்திக் கிழித்தது.

"செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுன கதையா இருக்கு. விட்டுரு தம்பி" என்றார் அண்ணன். விட்டுவிட்டு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

ரத்தத்தைத் துடைத்துக் கட்டும்போது என் மனைவி திடீரென்று நிமிர்ந்தாள். தோட்டத்தில் அவள் துரை பங்களாவைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவள்.

"என்னாங்க, தொரசாணிகிட்ட ஒரு ஜோடி இருக்கு. மெழுகுத்துணியில சுத்தி அலமாரிக்கு அடியில வச்சிருக்கும். அடி பூரா ஆணி, ஓரமெல்லாம் ஆணி. அவங்க ஊர்ல ஐஸ் மலை இருக்காம், அதுல ஏற அதைத்தான் போடுவாங்களாம். உங்க கால் மாதிரி சின்னக் காலுதான் அதுக்கும்."

பூட்ஸ் இருக்கும் இடம் தெரிந்ததும் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வந்தது பயம். கப்பலுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிவந்தவன் நான். கங்காணி கண்ணில் பட்டால் என்னையும் பிடித்து அவளையும் பிடித்து ஏற்றிவிடுவார். அதற்கு மேல், பூட்ஸ் கேட்பதற்குத் துரை வீட்டுக்கா போவது? அந்தத் தோட்டத்தில் கூலிக்காரன் துரை கண்ணில் படும்படி செருப்பே போடக் கூடாது. மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். செருப்போடு பங்களா வாசலைத் தாண்டியவன் பிரம்படி பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இருந்தும் போனேன். மேலே தொங்கிய நிமிஷம் அதைவிடப் பெரிய பயம்.

பங்களாவின் பின்கட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துரைக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது. அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். துரைசாணியே வெளியே வந்தாள். குட்டையான, முகமெல்லாம் மச்சம் விழுந்த பெண். நான் கும்பிட்டு, பங்களா கூட்டினவளின் புருஷன் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள். உள்ளே போய் அந்த மெழுகுத்துணி மூட்டையோடு வந்தாள்.

"உக்காரு. போடு" என்றாள். தோட்டத்துத் தமிழ் அவளுக்குக் கொஞ்சம் வரும்.

சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து காலை நுழைத்தேன். அளவெடுத்துத் தைத்தது போல் இறங்கியது. என் பிறவியில் எனக்குப் பொருந்திய முதல் சப்பாத்து அது. எனக்குக் கயிறு கட்டத் தெரியவில்லை என்று கண்டு, அவளே குனிந்து கட்டத் தொடங்கினாள். ஒரு வெள்ளைக்காரி என் காலைத் தொடுகிறாள். அந்த நேரம் பார்த்துத் துரை வந்து நின்றார், பின்னால் கைகட்டிக்கொண்டு கங்காணி. நான் துள்ளி எழுந்தேன். ஆணிகள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டன. துரை முதலில் என் காலைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் நிமிராமலே ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போய்விட்டார். கங்காணி போகவில்லை.

"எந்த மலை ஏறுவே?" என்று கேட்டாள் துரைசாணி.

"மலை இல்லீங்கம்மா. ஐஸ் கம்பெனி. உள்ளுக்குள்ள ஐஸ் சுவரு."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கயிறு இருக்கு?"

"இருக்குங்க. ஐஸை மேல இழுக்க."

"ஒன்னைக் கட்ட?"

"அது இல்லீங்கம்மா."

அவள் இரண்டாவது பூட்ஸின் கயிற்றை முதலாவதைவிட இறுக்கிக் கட்டினாள். எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினாள்.

பங்களா மறைந்ததும் கங்காணி என் பிடரியைப் பிடித்தார். "கழட்டுடா. தொரசாணி குடுத்ததால உன்னை விடுறேன். எல்லை தாண்டுற வரைக்கும் தலையில வச்சுக்கிட்டுப் போ. பொண்டாட்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"தைப்பிங்குல, அவ சித்தி வீட்ல இருக்குறா, கங்காணி ஐயா" என்றேன். நாக்கு தானாகச் சொன்ன பொய். லயத்து ஆட்கள் பார்க்க, பூட்ஸைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தேன். ஆணிகள் தலைப்பாகையைத் துளைத்துக் குத்தின. எல்லைக்கல் வரைக்கும் அவர் காலடி என் பின்னால் வந்தது. ஈப்போ வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஐஸ் சுவரில் ஏறினேன். அந்த ஆணிகள் ஐஸைப் பல்லால் கடித்தது போலப் பற்றின. காலை வைத்த இடத்தில் கால் நின்றது. உச்சியில் நின்று ஒரு மூச்சு விட்டேன். பிழைத்தேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

மண்டோர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்கு மேல் யாரும் ஏற முடியாது என்பதால் கூரைக்குக் கீழே பாதி இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். இப்போதுதான் ஏறுவதற்கு ஆள் கிடைத்துவிட்டதே. பெருநாளுக்கு ஒரு வரிசை கூட்டச் சொன்னார். பெருநாள் முடிந்தும் அதைக் குறைக்கவில்லை. அடுத்து இன்னொரு வரிசை. இடையிடையே எனக்கு மாற்றாக ஏறின மற்றவர்களையும் கீழே நிறுத்திவிட்டார். மேலே நான் ஒருவன்தான். விளக்கு என் காலுக்குக் கீழே போனது. நடு ஐஸ் சில நேரம் முனகும், பாளங்கள் லேசாக நகரும். அப்போது பூட்ஸ் என்ன செய்யும்? அது என் கால் நிற்கும் பாளத்தைத்தான் பிடிக்கும். பாளத்தை யார் பிடிப்பது? ஒருநாள் சும்மா வழுக்கினது போல் காட்டி இறங்கிவிடலாமா என்று யோசிப்பேன். இறங்கினால் வேலை போகும், வேலை போனால் கப்பல். வாயை மூடிக்கொண்டு ஏறுவேன்.

பிள்ளை பிறந்தது. சாயங்காலம் நான் வந்ததும் என் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டே பூட்ஸை எடுத்து வைத்துக்கொள்வாள். துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வோர் ஆணியையும் விரலால் ஆட்டிப் பார்ப்பாள். ஆடுகிற ஆணியைக் குழவிக்கல்லால் தட்டி இறக்குவாள். அவளுக்குப் பிள்ளைக்கு அடுத்தபடி அந்த பூட்ஸ்தான். அது எப்போது தேயும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் தேயவிடவில்லை.

"தொரசாணி சாமான் சாமான்தான். இப்படியே பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருசம் வரும் லா" என்றாள் ஒருநாள்.

"வரும்" என்றேன்.

"இது வந்த பொறவுதாங்க நான் பயமில்லாமத் தூங்குறேன்."

அன்றைக்கு மேலே இன்னொரு வரிசை ஏறியிருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.