பந்தியில் உட்கார்ந்த எம்.எல்.ஏ.

“...அதிகாரி இன்னா, நாம போற வரிக்கும் நிக்க மாட்டாரா? உன் மச்சினி கல்யாணத்துக்குப் போவலன்னா நாளைக்கு உன் மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?” என்று எங்கள் எம்.எல்.ஏ. அண்ணன் கேட்டது மேடவாக்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி. தொண்ணூறுகளின் தொடக்கம், வைகாசி முகூர்த்தம். அவருக்கு ஜீப் ஓட்டியவன் நான்.

கழனியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், எண்பதுகளில் பஞ்சாயத்துத் தலைவராகி, பிறகு சட்டசபைக்குப் போனார். மைக் பிடித்தால் பேச்சு வராது. அவருடைய அரசியல் முழுக்கப் பந்தியில்தான். தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை யார் பத்திரிகை வைத்தாலும் போவார். போனால் இலையில் உட்காராமல் திரும்ப மாட்டார். “கும்புடு போட்டுட்டுப் போறவன் விருந்தாளிடா, கை நனைச்சிட்டுப் போறவன்தான் சொந்தக்காரன்” என்பார். ஒரே முகூர்த்த நாளில் ஏழு இலையில் உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏழாவது இலையிலும் அப்பளம் நொறுக்குகிற சத்தத்தில் குறை இருக்காது.

அன்று பதினொரு மணிக்கு அவருடைய சொந்த ஊர் ஏரிக்கரையில் விசாரணை. ஏரிக்குத் தண்ணீரே வருவதில்லை, மனை போட விடுங்கள் என்று சிலர் மனு கொடுத்திருந்தார்கள். கோடையில் ஏரி வெடித்துத்தான் கிடந்தது. கார்த்திகையில் மதகு வழிய நிற்கும் என்பதை அதிகாரி காதில் ஏறும்படி சொல்ல ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. அங்கே கழனி வைத்திருந்த ஓர் அக்கா காலையில் ஜீப்பை மறித்து, “நாங்க கூவுனா யாருண்ணா கேப்பா? நீ வந்து ஒரு வார்த்த சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“நேரா கரைக்குப் போயிடலாம்ண்ணா” என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு எம்.எல்.ஏ. வருகிறார் என்று மாமியார் வீட்டில் ஒரு மாதமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அட்சதை போட்டுவிட்டு அவர் கிளம்பத்தான் பார்த்தார். என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா தலைவரே, ட்ரைவரு வூட்டு சாம்பாரு தொண்டயில எறங்காதா?” உட்கார்ந்துவிட்டார். பாயசம் வரை.

நாங்கள் போனபோது கரையில் அதிகாரி குடித்துப் போட்ட இளநீர்க் கூடுதான் கிடந்தது. கழனிக்காரர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ‘தண்ணீர் வரத்து இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம். அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. “சாப்ட்டியாண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த தேர்தலில் சொந்த ஊரே அவரைக் கைவிட்டது. அண்ணன் கடைசிவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இன்று ஏரி இருந்த இடத்தில் அடுக்குமாடிகள்; ஒன்றின் மூன்றாம் மாடியில் என் மகள் குடியிருக்கிறாள். கார்த்திகை மழையில் கீழே கார்கள் முங்கும்போது, “எங்கிருந்துப்பா இவ்ளோ தண்ணி வருது?” என்று போனில் கேட்பாள். நான் பேரனைப் பற்றி விசாரிப்பேன்.

அதிகாரி காத்திருப்பார் என்று அண்ணன் நம்பித்தான் சொன்னார் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எனக்கும் மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். மண்டப வாசலில் அப்படிச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த வாட்ச்சில் மணி பார்த்து, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பை விட்டு இறங்கினார்.