பேட்டரியைக் கழற்றாதவர்

எங்கள் உதிரிபாகக் கடைக்கு நேர் எதிரே இருந்தது கரண்ட்டின் பட்டறை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். கார் ஒயரிங் மட்டும்தான் அவர் வேலை. இரும்பு வேலையெல்லாம் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்குடையது. நான் கடையில் சரக்கிருப்பு எழுதியவன். கண்ணால் பார்த்ததையும் அவர் மனைவி வாயால் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே சேர்க்கவில்லை.

இன்ஜின் மாற்ற வருகிறவர்களுக்குக் கரண்ட் ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தக் காரிலிருந்து இன்ஜின் வருகிறதோ, அதன் கம்ப்யூட்டரும் ஒயர் கட்டும் கூடவே வர வேண்டும். கம்ப்யூட்டர் என்பது சாப்பாட்டு டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். இன்ஜினை மட்டும் சங்கிலி கட்டி இறக்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

“மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து தலைய அங்கேயே விட்டுட்டு வந்திருக்கீங்களே!”

“பழைய பெட்டியோட சாக்கெட் சரியா உட்காருதேண்ணே.”

“அடுத்தவன் செருப்பும்தான் உன் காலுக்கு உட்காரும். நாலு தெரு நடந்து பாரு.”

அவருடைய ஒரே மகளிடம் ஒரு பழைய கார் இருந்தது. கியர் தானாக மாறும் வகை. ஓட்டுகிறவர் கால் எப்படி அழுத்துகிறது என்பதைக் கவனித்து, அந்த வகைக் காரின் பெட்டி தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினால் கற்றது எல்லாம் மறந்துபோகும். மகள் மிக மெதுவாக அழுத்துவாள். “ஆக்சிலேட்டருக்கு வலிக்குமாம்மா?” என்று அப்பா கிண்டல் செய்வார். “வலிச்சா நீங்கதானே வைத்தியம் பார்க்கணும்?” என்பாள் அவள்.

அவள் காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தையாக ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போனாள்.

காரைக் கரண்ட் தம் பட்டறையின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். பேட்டரியோடு ஒரு சார்ஜரை மாட்டிவைத்தார். அதன் பிறகு அதை ஸ்டார்ட் செய்யவே இல்லை. வேறொரு கால் பட்டால் அந்தப் பெட்டி அவள் காலை மறந்துவிடும் என்பதுதான் காரணம். சும்மா நிற்கும் காரை அடிக்கடி ஓடவிட வேண்டும் என்று ஊருக்கே சொன்னவர் அவர். நின்ற இடத்திலேயே இன்ஜினுக்குள் தண்ணீர் கசிந்தது; சிலிண்டரில் துரு ஏறியது. மெக்கானிக் திருகிப் பார்த்தார், அசையவில்லை.

“கரண்ட்டு, பொத்திப் பொத்தி வச்சே கொன்னுட்டியேய்யா” என்றார். கரண்ட் பானட்டை மூடினார். மெக்கானிக் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பேத்தி பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தாள். “அம்மா கார்ல எப்பப்பா போவோம்?” என்று அப்பாவை நச்சரித்தாள். மருமகன் பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் ஓர் இன்ஜின் வாங்கி வந்தார். அதே கம்பெனி, பிந்திய வருஷத்து இன்ஜின். கம்ப்யூட்டர் இல்லாமல் வந்திருந்தார்.

“பழைய பெட்டியையே மாட்டிடலாம் மாமா. சாக்கெட் அச்சு அசல் ஒண்ணுதான்.”

“சேராது மாப்ளே.”

“சேராதா, இல்ல மனசு வரலையா?”

“சேராது.”

“ஒரு தடவ மாட்டித்தான் பாருங்களேன். அவ என் பொண்டாட்டி மாமா. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அதுக்காகக் குழந்தைய ஏமாத்தச் சொல்றீங்களா?”

கரண்ட் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். வாழ்நாளெல்லாம் சொன்ன உண்மை, சொந்த வீட்டில் சாக்காகிவிட்டது.

மருமகன் என்னிடம் வந்தார். இரண்டு இன்ஜின்களின் பாக எண்களையும் விலைப்புத்தகத்தில் ஒப்பிட்டுக் காட்டினேன். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் பல் வைத்த சக்கரம் ஒன்று உண்டு. அந்தப் பற்களை எண்ணித்தான் பெட்டி பொறி விடும். பழையதில் பற்கள் குறைவு, புதியதில் அதிகம். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒயர்கள் இடம் மாறியிருந்தன. மாட்டிச் சாவியைத் திருப்பியிருந்தால் பெட்டி புகைந்திருக்கும்.

மருமகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அந்த இன்ஜினோடு பிறந்த கம்ப்யூட்டரையும், வெட்டாத ஒயர் கட்டையும், அந்தப் பெட்டி ஏற்கும் சாவியையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தார். கரண்ட் எழுந்து கருவிப்பெட்டியைத் திறந்தார்.

பழைய பெட்டியைக் கழற்றும்போது நான் கூட இருந்தேன். முதலில் கரண்ட் ஒரு சின்ன பைக் பேட்டரியை அதன் ஒயரில் இணைத்தார். பிறகுதான் கார் பேட்டரியை எடுத்தார். பெட்டிக்கு மின்சாரம் ஒரு கணமும் நிற்கவில்லை. அதைக் கையிலேந்தி நின்றபோது அவர் மனைவி வாசலில் வந்து நின்றார்.

“அதுக்குள்ள அவ இருக்காளா?”

“இல்ல.”

“பின்ன என்னதான் இருக்கு?”

“அவ கால் எவ்வளவு மெதுவா அழுத்துச்சுன்னு ஒரு கணக்கு. அவ்வளவுதான்.”

“இந்தக் கணக்குக்கா ஒரு காரையே துருப்பிடிக்க விட்டீங்க? பைத்தியம்!” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதிய இன்ஜின் முதல்முறை ஓடியபோது திணறியது. பின்சீட்டிலிருந்து பேத்தி சொன்னாள்: “தாத்தா, அம்மா காருக்கு இருமல்!”

“புதுசுடா கண்ணு. அப்பா கால் பழகினா சரியாப் போயிடும்.”

சொல்லிவிட்டு, பானட்டை மூடும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய பெட்டி வீட்டு அலமாரியில், சின்ன பேட்டரியோடு இருந்தது. கரண்ட்டுக்கு உடம்பு முடியாமல் போனபோது மனைவியிடம் சொன்னாராம்: “அத நீயே கழட்டிடு. என் கையால முடியல.” அந்த அம்மாளும் “கழட்டிட்டேன், நிம்மதியாப் படுங்க” என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கரண்ட் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்த அம்மாள் சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

“அண்ணே, கொஞ்சம் வீடு வரைக்கும் வரீங்களா?”

போனேன். தையல் மெஷினுக்குப் பின்னால், ஒரு பழைய புடவைக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. பேட்டரி மாட்டியபடியே இருந்தது. சார்ஜர் பக்கத்தில் கிடந்தது.

“கழட்டலீங்களாம்மா?”

“எப்படிண்ணே கழட்டுவேன்? அவர் தூங்கினப்புறம் நான்தான் சார்ஜ் போட்டுட்டு இருந்தேன். துடைக்கிறப்ப சார்ஜரோட இந்த ரெண்டு கிளிப்லயும் சாயம் போயிடுச்சு. தப்பா மாட்டினா எல்லாம் அழிஞ்சிடும்னு ஒரு தடவ அவர் சொன்னாரு.” கிளிப்புகளைத் தூக்கி என் முன்னால் நீட்டினார். “சிவப்பு எந்தப் பக்கம்ணே?”