அக்காவின் சாரதிச் சோதனை

காலை எட்டே காலுக்கு உரும்பிராய்ச் சந்தியில் முதலில் கண்டது பரிசோதகரின் குடையை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அதைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

அத்தான் வாடகைக்கு ஹயர் ஓடிய பழைய மொறிஸ் மைனர் அது. அவர் இறந்தபின் அக்கா அதில் பழகினாள். லைசென்ஸ் கிடைத்தால் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறு வருமானம் இல்லை.

எண்பத்து மூன்றில் நான் சோதனை கொடுத்தபோது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினேன், இரண்டு பீப்பாய்களுக்கிடையே பின்னுக்கு எடுத்தேன். மலையில்லாத ஊர் என்பதால் மதகின் ஏற்றத்தில் நிறுத்தி, பின்னே உருளாமல் எடுக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றிரண்டில் அக்காவின் முறை வந்தபோதும் இவையெல்லாம் இருந்தன. ஆனால் பெற்றோலுக்குத் தடை என்பதால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் நின்றுபோனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுத்தான் எழுப்பலாம். அதற்காக ஓர் ஆள் பின்சீற்றில் இருக்க விட்டார்கள். நான் போத்தலோடு ஏறினேன்.

"இதென்ன பிள்ளை, காரோ கப்பலோ?" என்று பரிசோதகர் புகையைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டுமில்லை ஐயா, அடுப்பெரியிற குசினி" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். மதகின் ஏற்றத்தில் கார் ஓர் அங்குலமும் பின்னே போகவில்லை. "நல்லாய் எடுக்கிறீர்" என்றார்.

அப்போதுதான் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது. "நிப்பாட்டும், இறங்கும்!" என்றபடி அவர் மதகுக்குக் கீழே பாய்ந்தார். நானும் பாய்ந்தேன். அக்கா காரை ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். ஹெலி சுடாமல் பலாலி முகாம் பக்கம் போனது.

"ஏன் இறங்கேல்லை?" காற்சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ரை அவர் இறங்கி ஓடினவர். வேலியடியிலை வைச்சு ஹெலி சுட்டது. காருக்குள்ளை இருந்த ஆக்களுக்கு ஒண்டுமில்லை."



"விளங்குது பிள்ளை. ஆனால் நீர் இறங்காட்டி, பின்னுக்கு இருக்கிற ஆஸ்பத்திரி வருத்தக்காரர் ஆரின்ரை சொல்லைக் கேட்டு இறங்குவினம்?"

"அப்ப பெயிலோ?"

"ஓம். இறங்கப் பழகிக்கொண்டு வாரும்."

வீடுவரை அக்காதான் ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டினாள்.

அவள் மறுபடி சோதனைக்குப் போகவில்லை. மா அரைக்கும் மில் வைத்திருந்த ஒருவர் காரை வாங்கினார். மில்லை ஓட்ட எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.