மாரியாயி ஊற்றிய தண்ணீர்

கடல் கடந்து வந்த தமிழர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மருத்துவச்சி மாரியாயி கையில் விழுந்தவர்கள்தாம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, வலியில் கத்துகிறவளையும் சிரிக்க வைக்கிற பேச்சு. இந்து வீடா, வேதக்காரக் கிறிஸ்தவர் வீடா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவாள். அப்படி ஒரு மனுஷி இனிப் பிறந்துதான் வரவேண்டும்.

அவள் மனசிலும் ஒரு முள் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் சாந்தமேரிக்குப் பிறந்த பெண் பிள்ளை மூச்சுக்குத் திணறியது. ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாரைக் கூட்டி வரும்படி தாய் கெஞ்சினாள். மாரியாயி தலைதெறிக்க ஓடினாள். மாதா கோயிலில் பாதிரிச் சாமியாருக்கு அடுத்தபடி அதிகாரம் செய்கிறவர் உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ். மனுஷன் குளித்து, தலை வாரி, கோட்டு மாட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாதாம். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, லாலாங் புல்லில் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் உள்ளே மெழுகுவத்தி ஏற்ற, சாந்தமேரி மட்டும் வெளியே புல்லில் உட்கார்ந்திருப்பாள். 

ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னது பிறகுதான். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? கேள்விப்பட்ட அன்றே மாரியாயி சாந்தமேரியிடம் போய் அப்போது சொல்லவேண்டிய வார்த்தைகளைக் கேட்டுப் பாடம் பண்ணினாள். மிளகாய் இடிக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் உர்சுலாவுக்குப் பிள்ளை பிறந்தது. புருஷன் இருதயம் ரயிலோடு கிள்ளானுக்குப் போயிருந்தான். கழுத்தில் கொடி சுற்றி, பிள்ளை நீலம் பாரித்து வந்தது. தாய் மயங்கிக் கிடந்தாள். வீட்டில் வேறு ஈ காக்காய் இல்லை. மாரியாயி முதுகைத் தட்டினாள், வாயில் ஊதினாள். ஊஹும். நாடி மட்டும் மெல்லத் துடித்தது. இந்த முறை அவள் ஓடவில்லை. ஆறின வெந்நீரைக் கையில் அள்ளி உச்சந்தலையில் மூன்று தரம் ஊற்றி, பாடம் பண்ணிய வார்த்தைகளைப் பிசகாமல் சொன்னாள். கால்மணி நேரத்தில் பிள்ளை அடங்கிவிட்டது.

உபதேசியார் ஒத்துக்கொள்வாரா? திருநீறு பூசிய அஞ்ஞானி கொடுத்ததெல்லாம் ஞானஸ்நானமா, பிள்ளையை வேலிக்கு வெளியேதான் புதைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எழுந்திருக்க முடியாமல் கிடந்த உர்சுலா மாரியாயி கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ளைய வெளிய போட விட்றாதீங்கக்கா."

மறுநாள் காலை கோயிலில் விசாரணை. சிறிய பெட்டியை அணைத்துக்கொண்டு இருதயம் நின்றான். சாமியார் பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். அச்சடித்த புத்தகம் மாதிரி பேசுவார். தண்ணீரைப் பற்றிக் கேட்டார், வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்: "என்ன எண்ணத்தோடு ஊற்றினாய்?"

பிரசவ அறையில் நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. சாமியார் காதுக்கு இனிப்பாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு மாரியாயி வந்திருக்கலாம்.

"பொய் சொல்ல மாட்டேன் சாமி. ஊத்தறதுக்கு முன்னால மாரியாத்தாவக் கூப்பிட்டேன்."

இருதயத்தின் தலை தொங்கிவிட்டது. உபதேசியார் வெற்றியோடு சாமியாரைப் பார்த்தார்.

"அது புள்ள உசுருக்கு. எனக்குத் தெரிஞ்ச தெய்வம் அவதானே. தண்ணி ஊத்தினது வேற. உங்க கோயில்ல நீங்க என்ன செய்வீங்களோ அதையே இந்தப் புள்ளைக்குச் செய்யணும், அது மட்டுந்தான் மனசுல இருந்துச்சு. அதோட அர்த்தம் எனக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும்."

 திருச்சபை கேட்பதும் அவ்வளவுதான், பிள்ளை உள்ளே வரட்டும் என்றார் சாமியார். அவள் கையில் திருநீறு இருந்ததே என்று உபதேசியார் இழுத்தார்.

"கையை நான் கேட்கவில்லை, உபதேசியாரே. மனதைக் கேட்டேன்."

பிள்ளையை உள்ளே புதைத்தார்கள். மாரியாயி தோட்டத்துக்குள் போகவில்லை. வெளியே லாலாங் புல்லருகே நின்றவள், திரும்பி வந்த சாமியாரை மறித்தாள்.

"சாந்தமேரிக்கும் இதே எண்ணந்தானே சாமி? ஊத்த ஆளில்லாமப் போச்சு. எண்ணந்தான் பெருசுன்னா, அவ எண்ணம் எங்க போச்சு?"

சாமியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு புல்லையே பார்த்தார். 

மறுவருஷம் உளுத்துப்போன வேலியை மாற்றினார்கள். சாமியார் கூடவே நின்று கம்பம் நட வைத்தார். அந்த லாலாங் புல் பக்கம் மட்டும் புது வேலி நாலடி வெளியே தள்ளிப் போயிருந்தது. அளவு தப்பிவிட்டது என்று உபதேசியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சாமியார் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கல்லறைத் திருநாளில் சாந்தமேரி எப்போதும் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்து மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைத்துவிடாமல், வேலிக்கு வெளியே நின்ற மாரியாயி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.